டிலேயைக் கூட்டி வரும் டிரைவர் பேட்ச்: ஏற்பதா, போலிங் கேட்பதா, வேறு வழி பார்ப்பதா?

எம்ஸ்லீப் 20, அதாவது 20 மில்லிசெகண்ட் தூங்கிக் காத்திரு, என்று இருந்த வரியை எம்ஸ்லீப் 50 என்று மாற்றி ஒரு பேட்ச் (கோடில் செய்த திருத்தம்) வருகிறது. மாற்றம் ஒரே ஒரு இலக்கம்தான். "டச் பேனல் சில நேரம் பூட் ஆகும்போது பதில் சொல்வதில்லை, இதைப் போட்டதும் சரியாகிவிட்டது" என்று மேலே ஒரு குறிப்பு. சோதித்தவர் பெயரும் இருக்கிறது. ரிவ்யூ செய்ய உட்கார்ந்திருக்கும் நீங்கள் என்ன சொல்வீர்கள்? வேலை செய்கிறதே என்று ஏற்றுக்கொள்வதா, ஸ்டேட்டஸ் பிட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் போலிங் செய்யச் சொல்வதா, முடிந்ததும் ஹார்டுவேரே சிக்னல் கொடுத்துக் கூப்பிடும் இன்டரப்டுக்கு மாறச் சொல்வதா? லினக்ஸ் டிரைவர் ரிவ்யூவில் புதிதாக இறங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். நான் ரிவ்யூ செய்த ஒரு டச் பேனல் பேட்ச்தான் மேலே சொன்னது, அதன் மீதிக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி: எதற்காகக் காத்திருக்கிறோம்? மின்சாரம் நிலைக்கு வருவதற்கா, கிளாக் லாக் ஆவதற்கா, சிப்புக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் எழுந்து வருவதற்கா, மெமரியில் எழுதி முடிப்பதற்கா? பேட்சின் குறிப்பில் இதற்குப் பதில் இல்லையென்றால் மற்ற எதையும் பேசிப் பயனில்லை. நான் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்டுவிடுவேன்.

அடுத்து, வேலை முடிந்ததை ஹார்டுவேர் தானே சொல்லுமா என்று பார்க்க வேண்டும். ஒரு பிட், ஒரு இன்டரப்ட் லைன், ஐ-டூ-சி-யில் (சிப்புகளை இணைக்கும் இரண்டு வயர் பஸ்) 'கிடைத்தது' என்று சொல்லும் ஒரு ஏக்நாலெட்ஜ், எதுவாக இருந்தாலும் சரி. மூன்றாவது, காத்திருக்கும் இடம் எது. ஸ்பின்லாக் (மற்றவர்களைச் சுற்றியபடியே காக்க வைக்கும் பூட்டு) பிடித்திருக்கும்போதோ இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளோ தூங்க முடியாது, அங்கே பாதி வழிகள் தானாகவே அடைபட்டுவிடும். நான்காவது, அந்த எண் எங்கிருந்து வந்தது. டேட்டாஷீட் (சிப் தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பு) சொல்லும் அதிகபட்சமா, ஆசிலோஸ்கோப் வைத்து அளந்ததா, இல்லை 30 போதவில்லை 50 போதுகிறது என்று தடவித் தடவிக் கண்டதா? ஐந்தாவது, விலையை யார் கொடுக்கிறார்கள். பூட்டில் ஒரு முறை 30 மில்லிசெகண்ட் போனால் யாருக்கும் தெரியாது, திரை எழும் ஒவ்வொரு முறையும் போனால் கையில் வைத்திருப்பவருக்குத் தெரியும். கடைசியாக, நேரம் தாண்டிப்போனால் டிரைவர் என்ன செய்கிறது என்பது. இதை எழுத மறந்த பேட்ச்தான் அதிகம்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே அட்டவணை:

| வழி | எப்போது நல்லது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|
| நிலையான டிலே | ஹார்டுவேர் எதையும் திருப்பிச் சொல்லாதபோது, எண்ணுக்கு ஆதாரம் இருக்கும்போது | எல்லாப் போர்டும், எல்லா நேரமும் கட்டும் காத்திருப்பு |
| டைம்அவுட்டுடன் போலிங் | நம்பகமான ஸ்டேட்டஸ் பிட் இருக்கும்போது | பஸ் நெரிசல், தவறான 'ரெடி' |
| இன்டரப்ட் | காத்திருப்பு நீளமாகவோ அடிக்கடியோ வரும்போது | ரேஸ் கண்டிஷன் (எது முந்துகிறது என்பதில் வரும் பிழை), சஸ்பெண்ட் நேரத்துச் சிக்கல் |
| குவர்க் (குறிப்பிட்ட மாடலுக்கு மட்டும் தனி விதிவிலக்கு) | ஒரு சில மாடல்களில் மட்டும் கோளாறு இருக்கும்போது | ஓயாமல் வளரும் பட்டியல் |
| காரணத்தையே திருத்துவது | டிலே வேறொன்றை மூடி மறைக்கும்போது | கண்டுபிடிக்க ஆகும் நாட்கள் |

## நிலையான டிலே

டிலே என்றாலே தப்பு என்று ஒரு பேச்சு உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹெச்டி44780 வகை எழுத்துத் திரையை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வரி பதினாறு எழுத்து என்று கடையில் கிடைக்குமே அது. அந்தச் சிப்பில் 'பிஸி' என்று சொல்ல ஒரு பிட் இருக்கிறது. ஆனால் நிறையப் பேர் ஒரு வயரை மிச்சப்படுத்த ரீட்-ரைட் பின்னை கிரவுண்டில் கட்டிவிடுவார்கள், அதற்கப்புறம் படிக்கவே வழியில்லை. அங்கே டிலேதான் ஒரே வழி. டேட்டாஷீட் சொல்லும் கணக்கு, பெரும்பாலான கட்டளைகளுக்கு 37 மைக்ரோசெகண்ட், கர்சரை முதல் இடத்துக்குக் கொண்டுவர 1.52 மில்லிசெகண்ட். ஆனால் இது சிப்பின் உள் கிளாக் 270 கிலோஹெர்ட்ஸில் ஓடும்போதுதான். 250-இல் ஓடினால் 37 என்பது 40 ஆகும் என்று அதே டேட்டாஷீட்டே கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அதாவது எண் மட்டும் போதாது, எந்த நிபந்தனையில் அந்த எண் என்பதும் கூடவே வர வேண்டும். பேட்சில் 37 என்று எழுதியிருந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, மெதுவாக ஓடும் சிப்புக்கு எவ்வளவு இடம் விட்டீர்கள் என்பதுதான்.

டிலேயை ஏற்பது என்று முடிவாகிவிட்டால், எந்த ஃபங்ஷன் என்று பாருங்கள். யூடிலே சிபியூவைச் சும்மா சுற்ற வைக்கும், அதனால் சில மைக்ரோசெகண்டுக்கு மட்டும். 10 மைக்ரோசெகண்டிலிருந்து 20 மில்லிசெகண்ட் வரை யூஸ்லீப்-ரேஞ்ச். அதற்கு மேல் எம்ஸ்லீப். எம்ஸ்லீப் டிக்கை (கெர்னலின் கடிகாரத் துடிப்பு) வைத்து எண்ணுவதால் எம்ஸ்லீப் 1 என்று எழுதிவிட்டு ஒரு மில்லிசெகண்டை எதிர்பார்க்கக் கூடாது, டிக் நொடிக்கு 100 என்று கட்டிய கெர்னலில் அது 20 மில்லிசெகண்ட் வரை போய்விடும். எழுதியவர் 250 டிக் கெர்னலில் சோதித்து 'போதும்' என்று நினைத்த எண், 1000 டிக் கெர்னலில் நிஜமாகவே குறைவாகி உடைந்துபோவதும் இதனால்தான். எதற்கு இந்தத் தலைவலி என்றால் எஃப்ஸ்லீப் போடுங்கள், 2020-இல் வந்தது, அளவைப் பார்த்து இந்த மூன்றில் பொருத்தமானதை அதுவே எடுத்துக்கொள்ளும். யூஸ்லீப்-ரேஞ்சில் குறைந்தபட்சத்தையும் அதிகபட்சத்தையும் ஒரே எண்ணாகக் கொடுத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள், நடுவில் இடைவெளி இருந்தால்தான் பக்கத்து விழிப்புகளோடு இதையும் சேர்த்து எழுப்ப கெர்னலுக்கு வழி கிடைக்கும்.

நல்ல டிலே எப்படி இருக்கும் என்பதற்கு, தூங்கும் கருவியை எழுப்பும் யூஎஸ்பி ரிசியூமைக் காட்டலாம். குறைந்தது 20 மில்லிசெகண்ட் ரிசியூம் சிக்னல் கொடுக்க வேண்டும் என்கிறது யூஎஸ்பி விதி, கெர்னல் கொடுப்பது 40. இரண்டு மடங்கு எதற்கு என்று அந்த எண்ணுக்கு மேலேயே காரணம் எழுதி வைத்திருக்கிறார்கள். எம்ஸ்லீப் 20 சில நேரம் 20-க்குக் கொஞ்சம் முன்பே முடிந்து மின் சோதனையில் தோற்கலாம், அதோடு நிறையக் கருவிகளுக்கு நிஜத்தில் 20 போதுவதில்லை. பத்து வருடம் கழித்து வருபவர்கூட அதைப் படித்துவிட்டு எண்ணைத் தொடலாமா கூடாதா என்று முடிவு செய்யலாம். காரணம் எழுதாத 50-ஐ அப்படித் தொட யாருக்கும் தைரியம் வராது, அது அப்படியே கிடக்கும், பூட் நேரத்தைக் குறைக்க உட்காருபவர் இப்படிப்பட்ட இருபது எண்களுக்கு முன்னால் விழித்துக்கொண்டு நிற்பார்.

## டைம்அவுட்டுடன் போலிங்

ஹார்டுவேர் பதில் சொல்லும் என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான். 24சி வகை ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத சின்ன மெமரி சிப்) ஒரு பக்கம் எழுதினால் சிப் சில மில்லிசெகண்ட் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும், அந்த நேரத்தில் கூப்பிட்டால் ஏக்நாலெட்ஜ் தராது. கெர்னலில் இருக்கும் ஏடி24 டிரைவர் அதையே பயன்படுத்திக்கொள்கிறது, ஒரு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளியில் திரும்பத் திரும்ப முயன்று, 25 மில்லிசெகண்ட் வரை பொறுக்கிறது. வேகமான சிப்பில் 3-இல் முடிந்தால் 3-இலேயே வெளியே வந்துவிடும், மெதுவான சிப்பும் தப்பிக்கும். போலிங்கின் அழகே இதுதான், டைம்அவுட்டைத் தாராளமாக வைத்தாலும் நன்றாக ஓடும் சிப் அதற்கு விலை கொடுப்பதில்லை.

ஆனால் போலிங் பேட்சில் ஒளிந்திருக்கும் பிழைகள் டிலேயில் இருப்பதைவிட அதிகம், ஆற அமரப் படியுங்கள்.

சொந்தமாக லூப் எழுதியிருந்தால், நேரம் முடிந்தபின் கடைசியாக ஒரு முறை பிட்டைப் பார்க்கிறதா? லூப் நடுவில் வேறொரு வேலைக்கு சிபியூ போய்விட்டு 30 மில்லிசெகண்ட் கழித்துத் திரும்பினால், ஹார்டுவேர் எப்போதோ தயாராகியிருக்கும், லூப்போ கடிகாரத்தை மட்டும் பார்த்துவிட்டு டைம்அவுட் என்று சொல்லிவிடும். வேலைப்பளு ஏறும்போது மட்டும் வரும் பிழை இது. கெர்னலில் தயாராக இருக்கும் ரீட்எல்-போல்-டைம்அவுட் மேக்ரோ அந்தக் கடைசிப் பார்வையைத் தானே செய்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டால் பாதிக் கவலை போய்விடும்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் கருவியாக இருந்தால் இன்னொன்று. கருவி பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டால் படிக்கும் ரெஜிஸ்டர் பொதுவாக எல்லா பிட்டும் 1 ஆகத்தான் வரும். 'ரெடி பிட் 1 ஆகும் வரை' என்று போலிங் எழுதியிருந்தால், செத்துப்போன கருவி முதல் பார்வையிலேயே தயார் என்று ஆகிவிடும். முழுவதும் 1 வருகிறதா என்று தனியாகப் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

படித்தாலே அழியும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்கள் உண்டு. அதைப் போலிங் செய்தால் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குப் போக வேண்டிய பிட்டையும் சேர்த்துத் தின்றுவிடுவோம். அப்புறம் பஸ்ஸின் வேகம். 100 கிலோஹெர்ட்ஸ் ஐ-டூ-சி-யில் ஒரு பைட் ரெஜிஸ்டர் படிக்கவே ஏறத்தாழ 0.4 மில்லிசெகண்ட் ஆகும், அங்கே 10 மைக்ரோசெகண்டுக்கு ஒரு முறை பார்க்கிறேன் என்று எழுதினால் பஸ் முழுக்க இந்த டிரைவர் கையில்தான், அதே பஸ்ஸில் இருக்கும் சென்சார் வரிசையில் நிற்கும்.

## இன்டரப்டும் கம்ப்ளீஷனும்

டிரைவர் தூங்கும், இன்டரப்ட் வந்ததும் கம்ப்ளீஷன் என்ற 'முடிந்தது' கொடி அதை எழுப்பும். நீண்ட காத்திருப்புக்கும், ஒரு நாளில் ஆயிரம் முறை வரும் காத்திருப்புக்கும் இதுதான் சரி. ஏடிசி மாற்றம் (அனலாக் அளவை எண்ணாக்குவது), ஃபிளாஷ் அழிப்பு, டிஎம்ஏ (சிபியூ இல்லாமல் மெமரிக்கு நேராகத் தரவு போவது), எல்லாம் இந்த வகை. பூட்டில் ஒரே ஒரு முறை 2 மில்லிசெகண்ட் காத்திருக்க இன்டரப்ட் கேட்பது எனக்கு அதிகப்படியாகத் தெரிகிறது, அதற்காகச் சேரும் நூறு வரியையும் யாரோ ஒருவர் காலம் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ரிவ்யூவில் மூன்று இடங்களில் விரலை வைத்துப் பாருங்கள். பழைய கொடியை அழிக்கும் ரீஇனிட்-கம்ப்ளீஷன், ஹார்டுவேரைக் கிளப்புவதற்கு முன்னால் வருகிறதா? பின்னால் வந்தால், வேகமான ஹார்டுவேர் அதற்குள் இன்டரப்ட் அடித்துவிடும், அந்தச் செய்தியை நாமே அழித்துவிட்டு அப்புறம் காத்திருப்போம். வெயிட்-ஃபார்-கம்ப்ளீஷன்-டைம்அவுட் நேரம் தாண்டினால் 0 தரும், நெகட்டிவ் எண் தராது, 'சுழியைவிடக் குறைவா' என்று சரிபார்த்திருந்தால் டைம்அவுட் ஒரு நாளும் பிடிபடாது. இந்தத் தவறை நான் பார்த்த தடவைக்குக் கணக்கில்லை. மூன்றாவது, சஸ்பெண்டில் (இயந்திரம் தூங்கப் போகும்போது) இன்டரப்ட்கள் அணைக்கப்பட்ட கட்டத்தில் இதே ஃபங்ஷன் கூப்பிடப்படுமா என்பது. கூப்பிட்டால் அங்கே இன்டரப்ட் வரவே வராது, போலிங்தான் கை கொடுக்கும்.

## குவர்க்

கோளாறு ஒரு குறிப்பிட்ட மாடலில் மட்டும்தான் என்று தெரிந்தால் எல்லோரையும் காக்க வைப்பது அநியாயம். எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்இ டிரைவரில் சில கன்ட்ரோலர்களுக்கு மட்டும், ரெடி பிட்டைப் பார்ப்பதற்கு முன்னால் 2300 மில்லிசெகண்ட் காத்திருக்கும் குவர்க் இருக்கிறது. இரண்டு நொடிக்கும் மேல்! அதை எல்லா எஸ்எஸ்டிக்கும் போட்டிருந்தால் நினைத்துப் பாருங்கள். யூஎஸ்பியில் ஒவ்வொரு கன்ட்ரோல் மெசேஜுக்கும் பிறகு 200 மில்லிசெகண்ட் நிற்கும் குவர்க் உண்டு, சில விசைப்பலகைகளுக்காக வந்தது. பிசிஐ-யில் டி3ஹாட் என்ற ஆழ்ந்த தூக்க நிலையிலிருந்து எழ 10 மில்லிசெகண்ட் என்பது பொது அளவு, சில ரைசன் இயந்திரங்களின் யூஎஸ்பி கன்ட்ரோலருக்கு மட்டும் அது 20.

குவர்க் பேட்ச் வந்தால் ஒன்றை மட்டும் அழுத்திக் கேளுங்கள்: இது இந்த மாடலின் கோளாறுதான் என்பதற்கு என்ன சான்று? அதே மாடல் வேறொரு மதர்போர்டில் வேலை செய்கிறதா? பட்டியலில் ஆறாவது ஐடி சேர்க்க வரும்போது, பொது டைம்அவுட்டே குறைவோ என்று சந்தேகப்படும் நேரம் வந்துவிட்டது.

## காரணத்தையே திருத்துவது

டிலே வேறொன்றை மூடி மறைக்கும் இடங்கள் இவை. எழுதியது இன்னும் ஹார்டுவேருக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது ஒரு வகை. பிசிஐ-யில் ரைட்டெல் (ரெஜிஸ்டரில் எழுதும் ஃபங்ஷன்) செய்தால் அது நடுவில் உள்ள பிரிட்ஜில் கொஞ்ச நேரம் தங்கலாம். ரீசெட் பிட்டை எழுதி, யூடிலே 10 வைத்து, பிட்டை எடுத்துவிடும் கோடில், அந்த 10 மைக்ரோசெகண்ட் சிபியூவின் கடிகாரத்தில் கழிந்திருக்கும், கருவியோ ரீசெட்டை ஒரு மைக்ரோசெகண்ட்தான் பார்த்திருக்கும். யூடிலேயை 100 ஆக்கினால் 'சரியாகிவிடும்', வேறொரு இயந்திரத்தில் திரும்ப வரும். எழுதிய உடனே அதே கருவியிலிருந்து ஒரு ரெஜிஸ்டரைப் படித்தால், எழுதியது போய்ச் சேர்ந்த பின்தான் படித்தது திரும்பி வரும், அப்புறம் பழைய 10-ஏ போதும். யூடிலேயைக் கூட்டும் எந்தப் பேட்ச் வந்தாலும் அதற்கு மேல் வரியில் ரைட்டெல் இருக்கிறதா என்று நான் பார்த்துவிடுவேன்.

அடுத்த வகை அந்த டச் பேனல். டிரைவர் செய்தது இதுதான்: சிப்புக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரை ஆன் செய்வது, 1 மில்லிசெகண்ட் கழித்து ரீசெட்டை விடுவது, 20 மில்லிசெகண்ட் காத்திருப்பது, முதல் ரெஜிஸ்டரைப் படிப்பது. பழைய போர்டில் இரண்டு வருடம் ஓடியது. புதிய போர்டில் தவறியது, அதுவும் காலையில் முதல் தடவை ஆன் செய்யும்போது மட்டும். அப்புறம் எத்தனை ரீபூட் செய்தாலும் சரியாக வேலை செய்தது. எங்கே தவறுகிறது என்று பார்க்க அவர்கள் இரண்டு பிரின்ட் வரி சேர்த்தார்கள், பிரச்சினையே காணாமல் போனது. அதனால்தான் 'டைமிங்' என்று முடிவு கட்டி 50 ஆக்கியிருந்தார்கள்.

பிரின்ட் போட்டதும் போனது ஏன் என்பதற்குக் கணக்கு எளிது. சீரியல் கன்சோல் 115200-இல் ஓடினால் ஒரு எழுத்துக்கு 10 பிட், ஏறக்குறைய 87 மைக்ரோசெகண்ட். அறுபது எழுத்துள்ள இரண்டு வரி என்றால் 10 மில்லிசெகண்டுக்கு மேல். 20 மில்லிசெகண்ட் டிலேயைத் தெரியாமலே 30 ஆக்கியிருக்கிறார்கள்.

ஸ்கோப்பை வைக்கச் சொன்னேன், ஒரு புரோப் 3.3 வோல்ட் லைனில், இன்னொன்று ரீசெட் பின்னில். படம் வந்தது. மின்சாரம் முழு அளவுக்கு ஏற 14 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டிருந்தது, ரீசெட்டோ லைன் பாதி தூரம்கூட ஏறாத நிலையில் முதல் மில்லிசெகண்டிலேயே விடுபட்டிருந்தது. புதிய போர்டில் அந்த லைனில் பெரிய கெப்பாசிட்டர் போட்டிருந்தார்கள். சிப்புக்கு மின்சாரம் நிலைத்தபின் 15 வேண்டும், ஆக 29-இல்தான் தயார், டிரைவர் 21-இலேயே கதவைத் தட்டியிருக்கிறது. ரீபூட்டில் கெப்பாசிட்டரில் மிச்சம் இருந்த சார்ஜால் லைன் வேகமாக ஏறியது, அதனால்தான் காலையில் மட்டும் வந்தது.

எம்ஸ்லீப் 50 அந்த 29-ஐத் தாண்டும், அதனால் சோதனை பாஸ் ஆனது. ஆனால் மின்சாரம் ஏறும் முன்பே ரீசெட்டை விடுவது அந்தச் சிப்பின் டேட்டாஷீட் கூடாது என்று சொன்ன விஷயம், அது அப்படியே இருந்தது. கூடவே பழைய போர்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் திரை எழும் ஒவ்வொரு முறையும் 30 மில்லிசெகண்ட் சும்மா காத்திருந்திருப்பார்கள்.

நாளைக்கே ரிலீஸ் என்று கழுத்தில் கத்தி இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்போதும் ஏற்கலாம், இரண்டு பேட்சாகக் கேளுங்கள். முதலாவது சின்ன டிலே, மேலே 'காரணம் இன்னும் தெரியவில்லை, இந்தப் போர்டில் மட்டும் பார்த்தது, தடவிக் கண்ட எண்' என்று உள்ளதை உள்ளபடி எழுதிய குறிப்புடன். பழைய ஸ்டேபிள் கெர்னல்களுக்குக் கொண்டுபோகவும் அது சுலபம். இரண்டாவது, காரணம் தெரிந்தபின் வரும் உண்மையான திருத்தம், அதில் முதலாவதை நீக்கும் வரியும் இருக்க வேண்டும்.

எங்களுக்கு அவ்வளவு அவசரம் இருக்கவில்லை. பேட்சின் இரண்டாம் பதிப்பில் டிரைவர் கோப்பே இல்லை. புதிய போர்டின் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன ஹார்டுவேர் என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) அந்த ரெகுலேட்டருக்குக் கீழே ஸ்டார்ட்அப்-டிலே 20000 மைக்ரோசெகண்ட் என்று ஒரே ஒரு வரி, அதற்கு மேல் 'லைன் ஏற 14 மில்லிசெகண்ட், ஸ்கோப்பில் அளந்தது, குளிர்ந்த நிலையில்' என்று ஒரு குறிப்பு. அன்றே ஏற்றுக்கொண்டேன்.